சம்மதம் பெறப்பட்டது

2019 மார்ச் 18, திங்கள்

காலையில் வாசல் பாதையில் பனி வழித்தேன். மார்ச் பாதி தாண்டியும் இந்த யூட்டாவுக்குப் புத்தி வரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. ஜோலீன் வெந்நீர்ப் பை கொடுத்தாள், கூடவே ஒரு பேச்சும் கொடுத்தாள். அறுபத்தாறு வயதில் மண்வாரி தூக்கும் கணவனுக்கு மனைவி சொல்வதைத்தான் சொன்னாள்.

பதினோரு மணிக்கு ஆல்ரெட் கூப்பிட்டு அனுப்பினார். துறைத் தலைவர். ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கியவர். ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை எனக்கு விடைகொடுப்பு விழா. முந்நூறு பேர் வருகிறார்கள். முப்பத்தொரு வருடம் இந்த மோர்மன் கிறிஸ்தவ சபைக் கல்லூரியில் சமயம் கற்பித்தவன் கடைசியாக என்ன பேச வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துவிட்டார். 'என் தாயின் சம்மதம்.' வேறு ஏதாவது பேசுகிறேனே என்றேன். அதைக் கேட்கத்தான் பழைய மாணவர்கள் பக்கத்து மாநிலம் ஐடஹோவிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்களாம். சிறு புத்தகமாகவும் போடுகிறார்கள், நானூறு பிரதி.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 20, புதன்

எங்கள் சபையில் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னால் படிப்பார்களாம். நானும் முப்பத்தேழு வருடமாக எழுதுகிறேன், தமிழில். என் வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. எனக்குக் கை பழகிவிட்டது என்று ஜோலீனிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று உரையை எழுத உட்கார்ந்தேன். எழுத என்ன இருக்கிறது, தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். இறந்துபோனவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஒருவர் ஆலயத்தில் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. குடும்பம் மறுமையிலும் பிரியாமல் சேர்ந்திருக்க அது முதல் படி. இறந்து நெடுங்காலம் ஆகாதவர் என்றால், மிக நெருங்கிய உறவின் சம்மதம் கட்டாயம். மனைவி இருந்தால் மனைவி.

அப்பா சிதம்பரநாதன், திருநெல்வேலித் தலைமைத் தபால் நிலையத்தில் எழுத்தர், 1993-இல் காலமானார். 1995-இல் நான் ஊருக்குப் போனேன். இங்கேதான் என் கதை தொடங்குகிறது. நெற்றி நிறையத் திருநீறு பூசும் அம்மாவிடம், அப்பாவுக்காக இதைச் செய்யலாமா என்று கேட்டேன். அம்மா அப்பாவின் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

இந்த இடத்தில் நிறுத்துவேன். நான்கு விநாடி. மாணவிகள் கைக்குட்டை எடுப்பார்கள்.

அம்மா தலையசைத்தது பொய் இல்லை. என் மாணவன் டைலர் கண்ணால் பார்த்திருக்கிறான்.

மார்ச் 24, ஞாயிறு

ஆலயத்துக்குள் போகும் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க பிஷப்பைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. பிஷப் என்றால் எதிர்வீட்டுப் பல் டாக்டர்தான், என் மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். வழக்கமான கேள்விகள். எல்லாவற்றிலும் நேர்மையாக நடக்கிறீர்களா என்ற கேள்வி வந்தது. நடக்கிறேன் என்றேன். பல் பிடுங்கும்போதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் லேயா வந்திருக்கிறாள். என் மகள், இருபத்தைந்து வயது, பக்கத்து ஊரில் பள்ளிக்கூட டீச்சர். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னாள். திறந்தால் ஓர் இளஞ்சிவப்பு அட்டை. ஞானஸ்நானத்துக்காக ஆலயத்தில் இறந்த பெண்களின் பெயரை எழுதிக் கொடுக்கும் அட்டை. அதில் அம்மாவின் பெயர், ஆவுடையம்மாள்.

அம்மா போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது, அதற்குப் பிறகுதான் இதைச் செய்யலாம். விழாவுக்கு மறுநாள் சனிக்கிழமை குடும்பத்தோடு ஆலயத்துக்குப் போகிறோம், பாட்டிக்காக அவளே மூழ்கப்போகிறாள். அதுதான் எனக்குப் பரிசு. சம்மதம் யாருடையது என்ற இடத்தை எனக்காக விட்டு வைத்திருந்தாள். அப்பா இல்லாததால் மகன் சொன்னால் போதும்.

அவளைக் கட்டிக்கொண்டேன். ரொம்ப சந்தோஷம் என்றேன். அட்டையை மேஜை இழுப்பறையில் வைத்தேன். அதே இழுப்பறையில்தான் அப்பாவின் கடைசிக் கடிதம் கிடக்கிறது. நான் இந்தச் சபையில் சேர்ந்த சேதி கிடைத்ததும் எழுதியது, இரண்டே வரி. 'நீ எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள். என்னை அதில் இழுக்காதே.'

மார்ச் 29, வெள்ளி

உலகம்மை வருகிறாள். என் ஒரே தங்கை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள். ஜோலீன்தான் எனக்குத் தெரியாமல் டிக்கெட் எடுத்திருக்கிறாள். எல்லோரும் என்னைச் சந்தோஷப்படுத்துவதில் மும்முரமாக இருக்கிறார்கள்.

அவளுக்கு இங்கிலீஷ் புரியாது என்று உடனே நினைத்தேன். நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 3, புதன்

விமான நிலையத்தில் அவள் இறங்கியதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னண்ணே, அப்பா மாதிரியே ஆயிட்டீங்க" என்றாள். வண்டியில் வரும்போது மலையில் பனி இருப்பதைக் காட்டினேன். அவள் சால்வையை இறுக்கிக்கொண்டு, பார்த்தாலே போதும், கிட்டப் போக வேண்டாம் என்றாள்.

பெட்டியைத் திறந்தால் பாதி இடம் காப்பிப் பொடியும் பித்தளை பில்டரும். எங்கள் சபையில் காப்பி கிடையாது. முப்பது வருடமாக இந்த வீட்டுக்குள் காப்பி வாசனை நுழைந்ததில்லை. நான் விழித்தேன். ஜோலீன் அடுப்பில் தண்ணீரை வைத்தாள். நல்லவள். நான் பின்கட்டுக்குப் போய் வாசனை போகும்வரை நின்றேன். வாசனை போகவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

தோசை மாவு இந்தக் குளிரில் பொங்கவில்லை. காரின் முன்சீட்டில் வெயிலில் வைத்தோம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சபை மாநாடு. எல்லோரும் வீட்டில் டி.வி. முன்னால். இடைவேளையில் பக்கத்து வீட்டு மெர்ல் அம்மாள் ரொட்டியோடு வந்தார். எண்பது வயது. உலகுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். "உங்கள் அம்மா அன்று சம்மதம் கொடுத்தாரே, அந்தக் கதையை என் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று உலகு என்னைக் கேட்டாள். அம்மா நல்ல குணசாலி என்று கேள்விப்பட்டாராம் என்று சொன்னேன். நாக்கு தடுமாறவே இல்லை. முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய நாக்கு.

உலகு என்னைப் பார்த்தாள். அப்புறம் மெர்ல் அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சாயங்காலம் லேயா வந்து அத்தைக்கு அந்த இளஞ்சிவப்பு அட்டையைக் காட்டினாள். என் இழுப்பறையிலிருந்து அவளே எடுத்திருக்கிறாள். பாட்டி பெயரைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். உலகு என்னைக் கேட்டாள். அம்மா பேரில் ஒரு பிரார்த்தனை என்றேன். இது பாதிதான் பொய்.

ஏப்ரல் 9, செவ்வாய்

முழுவதையும் எழுதிவிடப் போகிறேன்.

ஜோலீன் கடைக்குப் போயிருந்தாள். உலகு அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டாள். "அந்தச் சின்ன அட்டை, அப்பாவுக்குப் பண்ணினீங்களே, அதே காரியத்துக்கா?"

கையிலிருந்த தட்டை மெதுவாக வைத்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

2006-இல் என் பழைய மாணவன் டைலர் வேலை விஷயமாகச் சென்னைக்குப் போனான். அங்கிருந்து கார் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு, என் அம்மாவைப் பார்க்கவென்றே போனான். திரும்பி வந்து, உங்கள் தாயிடம் அந்தச் சம்மதத்துக்கு நன்றி சொன்னேன், அவர் தலையசைத்தார் என்று என்னிடம் சொன்னான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி! அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டாள், இனி அது பொய் இல்லை என்று நினைத்தேன். அடுத்த வாரமே உரையில் டைலரையும் சேர்த்துக்கொண்டேன்.

உலகு அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறாள். கார் டிரைவர்தான் மொழிபெயர்த்தானாம். அப்பாவுக்கு அமெரிக்காவில் ஞானஸ்நானம் ஆனது, அதற்கு அம்மா சம்மதம் கொடுத்தது, எல்லாவற்றையும் டைலர் நடுக்கூடத்தில் நின்று சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டாளாம். அந்தப் பையன் கையில் அல்வாப் பொட்டலத்தோடு முகமெல்லாம் பூரிப்பாக நிற்கிறான். அம்மா அவனைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"அவன் போன பொறவு கேட்டேன், ஏம்மா தலையாட்டுனேன்னு. 'எம்புள்ள பொய் சொல்லுதான்னு அசலூர்க்காரன்கிட்ட எப்படிட்டீ சொல்லுவேன்'னா."

நான் குழாயை மூடினேன். அவள் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம், அம்மா அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றுவாள். ஏற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள்கூடப் படத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"சாகுறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டா. எம்படத்தை அவுக பக்கத்துல மாட்டிராத, அவுக முகத்துல முழிக்க எனக்கு ஏலாதுன்னா. எதுத்த செவத்துலதான் மாட்டியிருக்கேன். நீ பண்ணுன காரியத்துக்கு அவ தள்ளி நிக்கா."

என் தங்கை அறுபது வருடத்தில் முதல்முறையாக என்னை நீ என்றாள்.

இனி என்னைப் பற்றி. 1995-இல் ஊரில் பதினான்கு நாள் இருந்தேன். தினமும் கேட்க வாயெடுத்தேன். அம்மா இன்னொரு தோசை வைக்கட்டா என்பாள். வை என்பேன். திரும்பி வந்து படிவத்தை நிரப்பும்போது, சம்மதம் என்ற இடத்தில் 'பெறப்பட்டது' என்று எழுதினேன். அப்பாவுக்காக நானே மூழ்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே வந்து அழுதேன். ஜோலீன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தாள்.

ஏன் செய்தேன் என்று எனக்கே பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். இங்கே எல்லோர் வீட்டிலும் சுவரில் வம்ச மரம் வரைந்து மாட்டியிருப்பார்கள், ஏழு தலைமுறைக்கு. என் மரத்தில் நான் மட்டும் ஒற்றைக் குச்சி. அப்பா மறுமையில் தனியாக நிற்பார் என்று பயந்தேன். உண்மையில் பயந்தது என் தனிமைக்குத்தான். அதுவரைக்கும் அது ஒரு மகன் செய்த தப்பு. மறு வருடம் அதையே மேடையில் கதையாகச் சொன்னேன். அந்த வருடம்தான் என் வேலை நிரந்தரமானது. அதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

விழாவில் சொல்லிவிடுகிறேன் என்று உலகுவிடம் சொன்னேன். அவள் வெங்காயத்தைக் கழுவப் போனாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. நாளைக்கு.

ஏப்ரல் 13, சனி

ஆலயத்துக்கு யாரும் போகவில்லை.

நேற்று நடந்தது இது. மேடை ஏறினேன். முந்நூறு முகம். முன்வரிசையில் ஜோலீன், லேயா, நடுவில் அரக்குப் பட்டுப்புடவையில் உலகு. வாசலில் மேஜை போட்டுச் சிறு புத்தகத்தை அடுக்கியிருந்தார்கள். சட்டைப்பையில் உண்மையை ஒரே தாளில் எழுதி வைத்திருந்தேன். கையை உள்ளே விட்டேன். டைலர் மூன்றாவது வரிசையில் தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான்.

வெறும் கையை வெளியே எடுத்தேன். பழைய கதையைச் சொன்னேன். அம்மா படத்தைப் பார்த்தாள், தலையசைத்தாள். நான்கு விநாடி நிறுத்தினேன். ஆமாம், நேற்றும் நிறுத்தினேன். இதை எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உலகு உட்கார்ந்தே இருந்தாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆல்ரெட் மைக்கை வாங்கி, அந்தத் தாயின் மகள் கடல் தாண்டி நம் நடுவே வந்திருக்கிறார், தன் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லட்டும், பிரதர் நாயகம் (நான்தான்) மொழிபெயர்ப்பார் என்று அறிவித்தார். நிகழ்ச்சி நிரலில் இது இல்லை. இன்னொரு பரிசு.

உலகு நிதானமாகப் படியேறி வந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மைக்கில்தான் சொன்னாள், கோபமில்லாமல், பந்தியில் சாதம் போதுமா என்று கேட்கிற குரலில்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. நான் அம்மா மாதிரி தலையாட்ட மாட்டேன்."

அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். எங்கள் அம்மா நல்லவள், எல்லோருக்கும் வணக்கம் என்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். மெர்ல் அம்மாளுக்குச் செய்தது போல. வாயில் அது வந்தும் விட்டது. எல்லோரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். லேயா இரண்டு கையையும் கோத்து மோவாயில் வைத்துக்கொண்டு, முழுவதும் நம்பி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். நீங்களே சொல்லுங்கள், நான் அம்மாவைப் போலத் தலையசைக்க மாட்டேன் என்கிறாள் என் தங்கை, என்றேன். யாருக்கும் புரியவில்லை. பிறகு புரியும்படி சொன்னேன். அப்பாவின் இரண்டு வரிக் கடிதம், பதினான்கு நாள் தோசை, படிவத்தில் நான் எழுதிய சொல், டைலர், விளக்கு, எதிர்ச் சுவர். தாளை எடுக்கத் தேவைப்படவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். டைலர் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் பிள்ளைகள் அவனை எட்டிப் பார்த்தார்கள்.

கைதட்டல் இல்லை. ஆல்ரெட் கையைக் கொடுத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். வெளியே வரும்போது மேஜை காலியாக இருந்தது. யாரோ புத்தகத்தையெல்லாம் பெட்டியில் போட்டு நாடா ஒட்டிவிட்டார்கள்.

வீட்டில் ஜோலீன், "அன்று நான் உன் பக்கத்தில் ஈரத் துண்டை வைத்துக்கொண்டு நின்றேனே" என்றாள். இருபத்து நான்கு வருடமாக என்னிடமும் சொல்லவில்லையே என்பதுதான் அதற்கு அர்த்தம். லேயா அட்டையைக் கொண்டுவந்தாள். பாட்டி வேண்டாம் என்று சொன்னாரா என்று கேட்டாள். யாரும் அவளிடம் எதையும் கேட்கவே இல்லை என்றேன். அட்டையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

பிஷப்பிடம் போனேன். அனுமதிச் சீட்டை மேஜை மேல் வைத்தேன். அவர் பல்லைப் பார்ப்பது போல என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அப்பாவுக்குச் செய்ததை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டேன். மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார். எங்கள் போதனைப்படி, நாங்கள் இங்கே செய்வதை இறந்தவர் அங்கே ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். முப்பத்தொரு வருடம் நான் நடத்திய பாடம். அவர் எனக்கே அதை நடத்தினார், நான் கேட்டுக்கொண்டேன்.

உலகுவிடம் வந்து சொன்னேன். "அப்பா அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருப்பாக. அவுகளுக்குச் சொல்லத் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியலை" என்றாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஈஸ்டர். உலகுவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். அட்டையைக் கைப்பையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு வைத்திருக்கிறாள். பில்டரை இங்கேயே விட்டுவிட்டாள், அடுத்த தடவை சுமக்க முடியாதாம். ஜோலீன் அதைத் துலக்கி அலமாரியில் வைத்தாள். என்னோடு தேவைக்குப் பேசுகிறாள். அது போதும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஏப்ரல் 28, ஞாயிறு

லேயா வந்தாள். முன்னறைச் சோபாவில் தள்ளி உட்கார்ந்தாள். இந்த நோட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொல்கிறேன் என்று 1995-ஆம் வருட நோட்டை எடுத்தேன். ஆலயத்துக்குப் போன நாள். ஒரே வரிதான் இருந்தது. 'அம்மாவிடம் கேட்கவில்லை.' அதை அவளுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொன்னாள்.

மே 2, வியாழன்

கல்லூரி அறையைக் காலி செய்தேன். எட்டுப் பெட்டி. யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உலகு வீடியோவில் கூப்பிட்டாள். ஊரில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. செல்போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஆணி அடிக்க ஆள் கிடைக்கவில்லை, தானே அடித்தேன், கொஞ்சம் கோணல் என்று சொன்னாள். எதிர்ச் சுவரில் படம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது.

அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு படத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கு.

நான் எழுந்து நின்றேன். அப்பா வழக்கம்போலக் கோபமாகத்தான் இருந்தார். உலகு செல்போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.